ரசிகர்கள் கூடிப் பேச வேலூரில் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் எழுதியிருந்த நம் மாவட்டத்து அன்பர் ஒருவர், இளைஞர்கள் சம்பளத்தில் பெரும்பகுதியைச் சென்னையில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் வாங்கியே கரைப்பதாகவும், மீதி நேரத்தை எந்தப் பாட்டு உயர்ந்தது, எந்த இசையமைப்பாளர் பெரியவர் என்ற வெட்டிப் பேச்சில் போக்குவதாகவும் வருந்தியிருந்தார். பணத்தைப் பற்றி அவர் சொன்னதில் ஓரளவு நியாயம் உண்டு. பேச்சைப் பற்றிச் சொன்னதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ரசிகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சில்தான் தமிழ்ப் பாட்டின் வரலாற்றில் பாதி உயிரோடு இருக்கிறது என்பது, அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற, பாட்டுக் கேட்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு அறியாத என்னுடைய எண்ணம். அந்தப் பேச்சுக்கு நம் ஊரில் ஒரு கூரை இல்லை என்பதே என் குறை.

வேலூரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது வாணி ஜெயராமை விட்டுவிட்டுத் தொடங்க முடியாது. 1945-இல் இந்த ஊரில் கலைவாணியாகப் பிறந்த அவர், சிறுமியாக இருந்தபோது இலங்கை வானொலியில் ஒலித்த இந்திப் பாடல்களில் மனம் பறிகொடுத்து, பாட்டை மட்டுமல்லாமல் இடையில் வரும் வாத்திய இசை முழுவதையும் மனப்பாடமாகத் திருப்பிப் பாடுவாராம். பாடகியாவதற்கு முன்பே அவர் முழுமையான ரசிகையாக இருந்திருக்கிறார். வங்கியில் வேலை பார்த்தவரான அவரை, வசந்த் தேசாயின் இசையில் 1971-இல் வெளிவந்த ‘குட்டி’ என்ற இந்திப் படம் நாடறியச் செய்தது. அபூர்வ ராகங்கள், சங்கராபரணம், ஸ்வாதி கிரணம் ஆகிய படங்களின் பாடல்களுக்காக மூன்று முறை தேசிய விருது பெற்றார். 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. அதை நேரில் பெற்றுக்கொள்ளும் முன்பே பிப்ரவரி 4 அன்று மறைந்தார். அன்று நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் தொலைக்காட்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்களில் பலர், அவர் பிறந்த ஊர் இதுதான் என்பதை அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டிய பேச்சு இந்த ஊரில் நடக்கவே இல்லை.

நம் பழைய வடாற்காடு மாவட்டத்துக்கு இது புதிய பழக்கமுமல்ல. தியாகராஜ சுவாமிகளின் சீடரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும் அவருடைய மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் குருவின் கீர்த்தனைகளையும் வாழ்க்கையையும் எழுதி வைத்த சுவடிகள் இன்றும் மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்படுகின்றன; கீர்த்தனைகளின் பாடபேதங்களை, அதாவது பாட வேறுபாடுகளைத் தேடுகிறவர்கள் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள். கேட்ட பாட்டின் மீது ஒருவர் கொண்ட அளவற்ற பற்று, இன்னொரு தலைமுறைக்கு ஆதாரமாகிவிட்டது. சர்வலகு என்னும் சீராக ஓடும் நடை வாசிப்புக்குப் பெயர் பெற்று, 2004-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற மிருதங்க வித்துவான் வேலூர் இராமபத்திரன் இந்த ஊரின் பெயரைத் தன் பெயரோடு மேடைதோறும் சுமந்து சென்றார். அவர் யாருக்கெல்லாம் வாசித்தார், எப்படி வாசித்தார் என்பதை விரிவாகச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் உட்காரவைத்துக் கேட்பதில்லை.

திரைப்பாட்டு ரசிகர்களுடைய பழக்கம் வேறு வகையில் வளர்ந்தது. நான் பணியில் சேர்ந்த காலத்தில், தபால்களைப் பிரிக்கும் மேசையில் ‘வர்த்தக சேவை, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், கொழும்பு 7’ என்ற முகவரி தாங்கிய தபால் அட்டைகள் வராத நாள் அரிது. குடியாத்தத்துக் கைத்தறி நெசவாளர்களும் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் பள்ளிப் பிள்ளைகளும் எழுதியவை. விரும்பிக் கேட்கும் பாடலின் முதல் வரி, படத்தின் பெயர், பிறகு தங்கள் பெயரும் நண்பர்கள் பெயருமாக அட்டையின் ஓரம் வரை நெருக்கி எழுதியிருப்பார்கள். அந்தப் பெயர்களை அறிவிப்பாளர் வாசிக்கும்போது கிடைத்த பெருமையை இப்போதைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். ஆனால் அதைவிடப் பெரிய நன்மை ஒன்று இருந்தது. இலங்கை வானொலியானாலும் நம் விவித பாரதியானாலும், படத்தின் பெயர், இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர்கள் என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டை ஒலிபரப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிகூட, கண்ணதாசன் பாட்டு எது, வாலி பாட்டு எது என்று பிரித்துச் சொல்வார். காதில் விழுந்துகொண்டே இருந்ததால் வந்த அறிவு அது.

அதன் பிறகு ஒலிநாடாக் காலம் வந்தது. வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய சந்துகளிலும் பழைய பஸ் நிலையத்தைச் சுற்றியும் பாட்டுப் பதிவு செய்து தரும் கடைகள் இருந்தன. அவற்றை ‘ரெக்கார்டிங் சென்டர்’ என்போம். கடைக்குள் ஒரு மர அலமாரி நிறைய இசைத்தட்டுகள். முன்னால் தடித்த கணக்குப் பேரேடு. அதில் படத்தின் பெயரும் பாடல்களின் முதல் வரிகளும் வரிசை எண்ணோடு எழுதப்பட்டிருக்கும். வேண்டிய எண்களைத் துண்டுச் சீட்டில் குறித்து, காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் பதிவாகிக் கிடைக்கும். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டுக்கு மேல் கொள்ளாது என்பதால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதிலேயே நண்பர்களுக்குள் சண்டை மூளும். கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்துபோகும். யாரும் தவறி அழித்துவிடக் கூடாது என்று கேசட்டின் முதுகில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தகட்டைப் பேனா முனையால் உடைத்துவிடுவோம். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை நுழைத்துச் சுற்றுவோம். உள்ளட்டையில் பாட்டின் பெயர்களைக் கைப்பட எழுதி நண்பனுக்குக் கொடுப்பது அன்றைக்குப் பெரிய மரியாதை. அந்தக் கடைக்காரர்கள் பலர், தட்டைச் சுழலவிட்டுப் பல்லவி தொடங்கும் முன்பே, முன்னிசையை வைத்தே இசையமைப்பாளர் யார், எந்த ஆண்டுப் படம் என்று சொல்லிவிடுவார்கள். கேசட் வாங்க வந்தவன் அங்கே நின்றபடியே ஒரு பாடம் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவான். ஷெனாய் சத்யம், தபேலா பிரசாத், அக்கார்டியன் மங்களமூர்த்தி ஆகிய பெயர்களை நான் முதன்முதலில் கேட்டது அப்படி ஒரு கடையின் வாசலில்தான். அவற்றை எந்தப் பட டைட்டிலிலும் நான் படித்ததில்லை.

ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும் தெருக்களிலும், வைகாசி முதல் நாளில் குடியாத்தத்தில் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒட்டியும் மெல்லிசைக் கச்சேரிகள் விடிய விடிய நடந்த காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முன்வரிசையில் இருந்து ஒரு சிறுவன் துண்டுச் சீட்டைக் கொண்டுபோய் மேடையில் நீட்டுவான். சில சமயம் சீட்டோடு ஒரு பத்து ரூபாய்த் தாளும் குத்தியிருக்கும். இன்ன தெரு நண்பர்கள் விரும்பிக் கேட்ட பாடல் என்று பாடகர் அறிவித்ததும் அந்தத் தெருக்காரர்கள் இருக்கும் மூலையில் இருந்து விசில் பறக்கும். ஒரு தெரு எம்.எஸ்.வி. பாட்டைக் கேட்டால் அடுத்த தெரு இளையராஜா பாட்டைக் கேட்கும். அந்தப் போட்டியில் ஊரே இரண்டு தலைமுறைப் பாட்டையும் கேட்டுவிடும். இப்போது பெரும்பாலான இடங்களில் வாத்தியக்காரர்கள் இல்லை. முன்பே பதிவு செய்த பின்னணி இசையை, ‘டிராக்’ என்று பென் டிரைவில் கொண்டுவந்து பாடுகிறார்கள், அதுவும் இல்லாத இடத்தில் ஒலிபெருக்கியை மட்டும் அலறவிடுகிறார்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மருத்துவமனைகள் நிறைந்த ஊரில் அது கட்டாயம் வேண்டும். வாத்தியக்காரர்கள் போனதற்கு அந்த விதி காரணமில்லை, ஆட்கூலிதான் காரணம்.

இன்றைய இளைஞர்கள் சென்னைக்கு ஓடுவதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். உள்ளூரில் கேட்பதற்கு எதுவும் இல்லாதபோது, ஏறத்தாழ 140 கிலோமீட்டர் போய்க் கேட்கிறார்கள். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்திலோ நேரு உள்விளையாட்டு அரங்கிலோ கச்சேரி முடியும் முன்பே, பாதிப் பாட்டில் எழுந்து, இரவு பதினோரு மணியை ஒட்டிப் புறப்படும் பெங்களூரு மெயிலையோ ஏற்காடு எக்ஸ்பிரஸையோ பிடிக்கச் சென்ட்ரலுக்கு விரைகிறவர்களில் காட்பாடியில் இறங்குகிறவர்கள் எப்போதும் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். அந்த வண்டிகளின் முன்பதிவில்லாப் பெட்டியில் பயணம் செய்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும்: நுழைவுக்காகக் கட்டிய காகிதப் பட்டை இன்னும் கையில் இருப்பதைப் பார்த்து, முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். பெரம்பூர் தாண்டும் முன்பு பேச்சு தொடங்கிவிடுகிறது. எந்தப் பாட்டில் புல்லாங்குழல் ஒலிப்பதிவில் கேட்டதைவிட நீண்டது, யாருடைய குரல் இன்று தழைந்திருந்தது, பதிவில் இருந்த எந்த இடத்தை மேடையில் விட்டுவிட்டார்கள் என்று அரக்கோணம் வரை அலசுகிறார்கள். மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர், கல்லூரி மாணவர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலை ஊழியர், ஆட்டோ ஓட்டுநர் என்று யார் யாரோ. காட்பாடியில் நள்ளிரவு தாண்டி இறங்கியதும் ஆளுக்கொரு ஷேர் ஆட்டோவில் பிரிந்து போகிறார்கள். அவ்வளவு நல்ல பேச்சும் அங்கேயே நின்றுபோகிறது.

அந்த அன்பர் குறிப்பிட்டிருந்த நெரிசலையும் பண இழப்பையும் நான் மறுக்கவில்லை. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னையை அடுத்த பனையூரில் ஏ.ஆர்.ரகுமானின் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வைத்திருந்தும் உள்ளே நுழைய முடியாமல் எத்தனையோ குடும்பங்கள் திரும்பின. உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி இசையமைப்பாளரே கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. அது ஏற்பாட்டின் குறை. அதை வைத்துக் கேட்க வந்தவர்களின் ஆர்வத்தைக் குறை சொல்வது முறையாகாது. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவதையும் அதிகாலைக் காட்சிக்காகச் சாலையை மறிப்பதையும் நான் ரசனை என்று ஏற்றுக்கொண்டதே இல்லை. அதைப் பற்றி எழுத அன்பரே போதும்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறு. ரசிகர்களின் பேச்சு பாட்டை விட்டு விலகி வசூலுக்குப் போய்விட்டது. எந்தப் படம் முதல் நாளில் எத்தனை கோடி, எந்தப் பாட்டு ஒரே நாளில் எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற கணக்குகளைத் தயாரிப்பாளரின் கணக்குப்பிள்ளை போல ஒப்பிக்கிறார்கள். இளையராஜாவா, ரகுமானா என்ற சண்டையில் இரு தரப்பிலும் உரத்துப் பேசுகிறவர்கள் இருவருடைய பாட்டையும் குறைவாகக் கேட்டவர்களாகவே இருக்கக் காண்கிறேன். உண்மையான ரசிகனிடம் ‘அதிசய ராகம்’ பாட்டைச் சொல்லிப் பாருங்கள். நான்கே சுரங்கள் கொண்ட மகதி ராகத்தில் அது தொடங்குவதையும், அந்த ராகம் பாலமுரளி கிருஷ்ணா உருவாக்கியது என்பதையும், எம்.எஸ்.விசுவநாதன் அதைத் திரைக்குக் கொண்டுவந்ததையும் பேசவே அவனுக்கு அரை மணி நேரம் வேண்டும். சண்டைக்கு நேரம் இருக்காது. 2024 ஏப்ரலில் ‘கில்லி’ மறுவெளியீடு கண்டபோது, படம் வந்த ஆண்டில் பிறந்தே இராத பிள்ளைகள் திரையரங்கில் எழுந்து நின்று ‘அப்படிப் போடு’ பாட்டை வரிவிடாமல் பாடினார்கள். மகிழ்ச்சியான காட்சி. வெளியே வந்த ஒரு மாணவரிடம் இசை யார் என்று கேட்டேன். கைபேசியைத் தேடினார். வித்யாசாகர் இசை, பா.விஜய் பாட்டு, கேகே - அனுராதா ஸ்ரீராம் குரல்கள் என்று பக்கத்தில் நின்ற திரையரங்கு ஊழியர் சொன்னார். அந்த மாணவர் அதன் பின் என்னோடும் அந்த ஊழியரோடும் நெடுநேரம் நின்று, வித்யாசாகர் இசையமைத்த மற்றப் படங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கேட்கும் ஆவல் அவர்களிடம் குறையவில்லை. சொல்வாரும் கேட்பாரும் சந்திக்கும் இடம்தான் அற்றுப்போயிற்று.

காரணத்தைத் தேட நெடுந்தூரம் போக வேண்டாம். இன்றைய பண்பலை வானொலிகளில் பாட்டுக்கு முன்னால் நகைச்சுவையும் விளம்பரமும் வருகின்றன, பெயர்கள் வருவதில்லை. கைபேசிச் செயலிகளில் பாடலாசிரியரின் பெயர் சில வேளை இருக்கிறது, சில வேளை தவறாக இருக்கிறது. வாத்தியம் வாசித்தவர் பெயரைத் தேடுவது வீண் வேலை. இளையராஜாவின் பாடல்களில் அருண்மொழியின் புல்லாங்குழலையும் 1986-இல் வந்த இளையராஜாவின் தனி இசைத்தொகுப்பில் வி.எஸ்.நரசிம்மனின் வயலினையும் ரசிகர்கள்தாம் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லி நிலைநிறுத்தினார்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்பொனியை அரங்கேற்றியபோது, நான்கு பகுதிகள் கொண்ட ஓர் இசைவடிவத்தை எப்படிக் கேட்பது, எந்த இடத்தில் கைதட்டக் கூடாது என்று நம் ஊர்க் கோட்டைப் பூங்காவில் ஓர் இளைஞர் தன் நண்பர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். கல்லூரியில் அவர் படிப்பது பொறியியல். இந்த அறிவு அவருக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் கிடைத்திருக்காது.

ஆகவே தங்கள் வழியாக இரண்டு கோரிக்கைகளை வைக்க விரும்புகிறேன்.

முதலாவது மாவட்ட நிர்வாகத்துக்கும் நூலகத் துறைக்கும். வேலூர் மாவட்ட மைய நூலகத்தின் கூடத்தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இரண்டு மணி நேரம் மட்டும், பாட்டுக் கேட்கும் கூட்டத்துக்குத் திறந்துவிடலாம். மேடையும் மாலையும் பொன்னாடையும் வேண்டாம். ஓரளவு தரமான ஒலிபெருக்கி ஒன்றும் நாற்காலிகளும் இருந்தால் போதும். மாதம் ஒரு கலைஞரையோ ஓர் ஆண்டையோ ஒரு ராகத்தையோ எடுத்துக்கொண்டு, பாட்டை ஒலிக்கவிடும் முன் பழைய வானொலி முறைப்படி எல்லாப் பெயர்களையும் அறிவித்து, கேட்டு முடித்தபின் பேச வேண்டும். வசூல் கணக்கும் ஒப்பீட்டுச் சண்டையும் கூடாது என்பது ஒரே நிபந்தனையாக இருக்கட்டும். இராமபத்திரனின் வாசிப்பைக் கேட்ட பெரியவர்களை அழைத்து அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து நூலகத்திலேயே வைக்கலாம். மெல்லிசைக் குழுக்களில் வாசித்துவிட்டு இப்போது வேறு தொழிலுக்குப் போய்விட்ட கலைஞர்கள் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் ஆற்காட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே ஒரு நாற்காலியும், வாசிக்க மனமிருந்தால் ஒரு சிறு தொகையும் தரலாம். தொடக்கக் கூட்டத்தை வாணி ஜெயராமின் பிறந்தநாளான நவம்பர் 30-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில், பந்துவராளியில் தொடங்கி ராகம் மாறி மாறிச் செல்லும், அவர் பாடிய ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’ பாட்டோடு நடத்தினால் ஊருக்கே பொருத்தமாக இருக்கும்.

இரண்டாவது தங்கள் நாளிதழுக்கு. திரைப்படச் செய்திகளிலும் விமரிசனங்களிலும் கதாநாயகன், கதாநாயகி, இயக்குநர் பெயர்களோடு பாடலாசிரியர், பாடகர் பெயர்களையும், இயன்றால் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களையும் தவறாமல் அச்சிட வேண்டுகிறேன். இசை நிகழ்ச்சி பற்றிய செய்தியில் எத்தனை ஆயிரம் பேர் கூடினார்கள் என்பதோடு என்னென்ன பாடினார்கள் என்பதையும் எழுதுங்கள். வாரம் ஒரு நாள், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டைப் பற்றிப் பத்து வரிகள் எழுதும் பத்தி ஒன்றை இந்தப் பக்கத்திலேயே தொடங்கினால், அன்று கொழும்புக்கு அட்டை எழுதிய கைகளில் சில இன்னும் எழுதத் தயாராக இருக்கின்றன. முதல் பத்தியை எழுத அந்தக் கடிதத்தை எழுதிய அன்பரையே அழைக்கலாம் என்பது என் விருப்பம். பாட்டே கேளாத ஒருவர் அத்தனை கோபத்தோடு எழுதியிருக்க மாட்டார். அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று அறிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.